மை தீர்ந்தால் யார் நிரப்புவது? போட்டோ பிரிண்டர் கார்ட்ரிட்ஜின் சின்ன வரலாறு



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

"பாடசாலை அலுமாரியில் ஏன் இரண்டு வகை மை வைத்திருக்கிறீர்கள்? ஒரு பக்கம் உடைக்காத ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ், மறு பக்கம் போத்தல் மையும் சிரிஞ்சும். ஒன்று போதாதா?" என்று பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அபிவிருத்திச் சங்கத்துக் காசு, எல்லோருடைய காசு. ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. நீதிமன்றம் வரை போன சண்டை இருக்கிறது. நம் நாட்டுப் பரீட்சை நின்ற கதையும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அலுமாரிக் கணக்கு தானாகவே விளங்கும்.

*ரோனியோ காலம்*

நம் பெரியவர்கள் படித்த காலத்தில் தவணைப் பரீட்சை வினாத்தாள் ரோனியோவில்தான் வந்தது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்வார்கள். எழுத்து பட்ட இடத்தில் மெழுகு விலகும். அந்த வழியாக மை கசிந்து கீழே உள்ள தாளில் பதியும். இந்த முறையை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஹங்கேரியில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய டேவிட் கெஸ்டெட்னர்.

அந்த இயந்திரத்துக்கு மை குழாயில் வந்தது. தீர்ந்தால் வாங்கி ஊற்றுவார்கள். எந்தக் கடை மை, யார் செய்த மை என்று இயந்திரம் கேட்டதில்லை. ஊற்றுப் பேனாவும் அப்படித்தான். மைப்போத்தல் வேறு, பேனா வேறு. மையை நிரப்புவது பாவிப்பவரின் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தப் பழக்கம் எப்போது மாறியது?

*ஒரு குமிழியும் ஒரு படிகமும்*

1977இல் ஜப்பானின் கெனன் கம்பனி ஆய்வுகூடத்தில் இச்சிரோ எண்டோ என்ற பொறியியலாளரின் குழு வேலை செய்துகொண்டிருந்தது. மை நிரப்பிய சிரிஞ்ச் ஊசியில் சூடான சோல்டரிங் அயன் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை துள்ளித் தெறித்தது. சூடு பட்டதும் உள்ளே ஒரு நீராவிக் குமிழி உண்டாகி மையைத் தள்ளியிருந்தது. அதே யோசனையை அமெரிக்காவில் ஹியூலெட் பெக்கார்ட், அதாவது எச்.பி. கம்பனியினரும் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாகக் கண்டுபிடித்தார்கள்.

எச்.பி. 1984இல் திங்க்ஜெட் என்ற பிரிண்டரை வெளியிட்டது. அதன் தலையில் 12 துளைகள்தான். கெனன் 1985இல் பிஜே-80 என்ற பிரிண்டரைக் கொண்டுவந்தது. தலைக்குள்ளே தலைமுடியை விட மெல்லிய துளைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சின்னச் சூடேற்றி. ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தடவை மை கொதித்துத் தெறிக்கும்.

எப்சன் கம்பனி வேறு வழியில் போனது. சில படிகங்களுக்கு மின்சாரம் கொடுத்தால் அவை சற்று வளையும். அப்படி வளையும்போது மையை அழுத்தித் துளியாகத் தள்ளும். கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்த பீசோ மின்விளைவுதான் இதற்கு அடிப்படை. இங்கே சூடு இல்லை. அதனால் தலை நீண்ட காலம் உழைக்கும். பிரிண்டரோடு நிலையாகப் பொருத்தியும் விடலாம்.

இந்த இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்று வரை நம்முடைய மைச் செலவைத் தீர்மானிக்கிறது. சூட்டு முறையில் தலை தேயும். ஆகவே திங்க்ஜெட்டில் எச்.பி. ஒரு புத்திசாலித்தனம் செய்தது: தலையையும் மைப்பெட்டியையும் ஒன்றாக்கி, மை தீர்ந்ததும் இரண்டையும் சேர்த்து எறியும்படி வைத்தது. அடைப்பு வந்தாலும் கவலையில்லை, புதுக் கார்ட்ரிட்ஜோடு புதுத் தலை வரும். பாவிப்பவருக்கு அது வசதி. ஆனால் மையை வாங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நுண்ணிய இலத்திரனியல் பொருளையும் சேர்த்து வாங்குகிறோம் என்ற நிலையும் அன்றுதான் ஆரம்பமானது.

*போட்டோ வீட்டுக்குள் வந்தது*

எழுத்து அடிக்க ஒரு கறுப்பு மை போதும். போட்டோவுக்குப் போதாது. 1994இல் எப்சன் ஸ்டைலஸ் கலர் ஓர் அங்குலத்தில் 720 புள்ளிகள் வைத்தபோது, சாதாரண மேசைப் பிரிண்டரில் போட்டோ போன்ற ஒன்றை அடிக்கலாம் என்று பலர் நம்பத் தொடங்கினார்கள். ஆனாலும் முகத்தின் தோல் நிறத்திலும் வானத்தின் வெளிர் நீலத்திலும் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிந்தன. வெளிர் நிறத்தைக் காட்ட, கடும் நீலப் புள்ளிகளைத் தூரத் தூர வைக்க வேண்டியிருந்ததுதான் காரணம்.

அதற்கு வந்த தீர்வுதான் ஆறு நிறப் போட்டோ பிரிண்டர். சயான், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கோடு வெளிர் சயான், வெளிர் மெஜென்டா என்று இரண்டைச் சேர்த்தார்கள். துளியும் சிறுத்தது. இன்று ஒரு துளி சில பிக்கோலீட்டர்தான். ஒரு பிக்கோலீட்டர் என்பது ஒரு லீட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. பிள்ளைகளிடம் பத்தின் அடுக்கு படிப்பிக்கும்போது நாங்கள் இந்த உதாரணத்தைச் சொல்வதுண்டு.

படம் அழகானது. செலவு கூடியது. ஒரு முழுப் போட்டோ, தாளின் எல்லா இடத்தையும் மையால் மூடுகிறது. ஒரு கடிதத்துக்குப் போகும் மையோடு ஒப்பிட்டால் பல மடங்கு. அதோடு ஆறில் ஒரு நிறம் தீர்ந்தாலும் வேலை நின்றுவிடும். கலியாண வீட்டுக்காரர் காத்திருப்பார், வெளிர் மெஜென்டா இருக்காது. மேலதிகமாக ஒரு செட் கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கும் வழக்கம் உலகெங்கும் ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் இப்படித்தான் உருவானது.

*சிரிஞ்சும் சிப்பும்*

பிரிண்டரை மலிவாக விற்று மையில் இலாபம் எடுப்பது இந்தத் தொழிலின் வழியாகிப் போனது. சவர அலகு வியாபாரத்தோடு இதை ஒப்பிடுவார்கள். புதுப் பிரிண்டரின் விலையும் ஒரு செட் மையின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்த நாட்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. பார்மசியில் சிரிஞ்ச் வாங்கி, கார்ட்ரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும் லேபலை உரித்து, உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சுக்குள் மெதுவாக மை ஏற்றப் பழகினார்கள். இது நுட்பமான வேலை. மை தானாகக் கீழே சொட்டாமல் இருப்பதற்கு அந்த ஸ்பொஞ்ச் கொடுக்கும் மெல்லிய உறிஞ்சல்தான் காரணம். அளவுக்கு மீறினால் கசியும். அவசரப்பட்டால் காற்றுக் குமிழி உள்ளே மாட்டி, மை இருந்தும் அடிக்காது. நம் ஊர்க் கொமியூனிகேஷன் கடைத் தம்பிமார் இதைப் புத்தகம் பார்த்துப் படிக்கவில்லை, கையால் படித்தார்கள்.

கம்பனிகளும் சும்மா இருக்கவில்லை. கார்ட்ரிட்ஜில் ஒரு சிறு சிப் வைத்தார்கள். எத்தனை துளி போனது என்று அது கணக்கு வைக்கும். கணக்கு முடிந்ததும் "மை இல்லை" என்று சொல்லும். நீங்கள் மை நிரப்பியிருந்தாலும் அதற்குத் தெரியாது. அதற்கு மாற்றாகக் கணக்கைத் திரும்பப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் ரீசெட்டர் வந்தது. பிறகு, தானே பூச்சியத்துக்குத் திரும்பும் சிப் வைத்த, மூடி திறந்து ஊற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் வந்தது. இதைத்தான் நாம் ரீஃபிலபிள் என்கிறோம்.

சண்டை நீதிமன்றம் போனது. அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: விற்ற பிறகு அந்தப் பெட்டி யாருடையது?

ஜப்பானில், பாவித்த கெனன் கார்ட்ரிட்ஜ்களைச் சேர்த்துக் கழுவி மை நிரப்பிய பெட்டிகளை இறக்குமதி செய்து விற்ற ரீசைக்கிள் அசிஸ்ட் என்ற நிறுவனத்தின் மீது கெனன் வழக்குப் போட்டது. 2007 நவம்பர் 8ஆம் திகதி ஜப்பானிய உச்ச நீதிமன்றம் கெனன் பக்கம் தீர்ப்பளித்தது. வெறும் மீள்பாவனை அல்ல, காப்புரிமை உள்ள பொருளைப் புதிதாகச் செய்ததற்குச் சமம் என்பது அதன் பார்வை.

பத்து வருடம் கழித்து அமெரிக்காவில் நேர்மாறான தீர்ப்பு வந்தது. லெக்ஸ்மார்க் கம்பனி, ஒருமுறை பாவித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு டோனர் கார்ட்ரிட்ஜ்களை விலை குறைத்து விற்றது. இம்ப்ரெஷன் புரொடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் அவற்றை நிரப்பி விற்றது. 2017 மே 30ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொருளை விற்றவுடன் அதன் மீதான காப்புரிமைப் பிடி முடிந்துவிடுகிறது என்று சொன்னது. பழைய காரைத் திருத்தி விற்கும் கராஜை ஒவ்வொரு உதிரிப்பாகக் கம்பனியும் தடுக்க முடிந்தால் வியாபாரம் என்னவாகும் என்ற கருத்தில் ஒரு உதாரணமும் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

இதற்கிடையில் 2016 செப்டெம்பர் 13ஆம் திகதி, எச்.பி.யின் சில வகைப் பிரிண்டர்கள் உலகின் பல இடங்களில் ஒரே நாளில் வேறு கம்பனிச் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. முன்பே மென்பொருளுக்குள் வைக்கப்பட்ட தடை அது. எதிர்ப்பு கிளம்பியதும் கம்பனி மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடையை நீக்கும் மென்பொருளை வெளியிட்டது. நேற்று வேலை செய்த பிரிண்டர் இன்று "முடியாது" என்று சொல்லலாம் என்பதை உலகம் அன்று கண்டது.

*போத்தல் திரும்பி வந்தது*

இந்தச் சண்டைக்கு ஒரு வேறு முடிவு ஆசியாவிலிருந்து வந்தது. நம்முடையது போன்ற நாடுகளில் கடைக்காரர்கள் பிரிண்டரின் பக்கத்தில் தாங்கிகளை ஒட்டி, மெல்லிய குழாய் வழியாக மையை உள்ளே கொண்டுபோய்ப் பாவித்தார்கள். எவ்வளவு தடுத்தும் நிற்கவில்லை. கடைசியில் எப்சன் அதையே தன்னுடைய பொருளாக்கியது. 2010 ஒக்டோபரில் இந்தோனேசியாவில் தாங்கி வைத்த பிரிண்டரை முதலில் விற்பனைக்கு விட்டது. பிரிண்டர் விலை கூட, போத்தல் மை விலை குறைவு. மற்றக் கம்பனிகளும் பின்னால் வந்தன. ஆறு நிறப் போட்டோ பிரிண்டரும் தாங்கியோடு வந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரோனியோவுக்கு மை வாங்கி ஊற்றிய பழக்கம் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நின்றது. அதைத் திருப்பிக் கொண்டுவந்ததில் ஆய்வுகூடத்தை விட, ஆசியாவின் சின்னச் சின்னக் கடைகளின் பங்கு பெரிது.

*2022: மை இல்லாமல் நின்ற பரீட்சை*

இனி நம் வீட்டுக் கதை. 2022 மார்ச் மாதம் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் 21ஆம் திகதி தொடங்கவிருந்தன. தாளும் மையும் இறக்குமதி செய்ய டொலர் இல்லை, வினாத்தாள் அச்சிட முடியாது என்று சொல்லி அவை பிற்போடப்பட்டன. உலகச் செய்திகளில் நம் நாட்டின் பெயர் வந்தது, பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கத் தாளும் மையும் இல்லாத நாடு என்று. அதே மாதம் 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளிதழ்கள் தாள் தட்டுப்பாட்டால் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா மட்டில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது.

அதே 2022 ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. உலகெங்கும் சிப் தட்டுப்பாடு. கெனன் தன் சில அலுவலக இயந்திரங்களுக்கான டோனர் கார்ட்ரிட்ஜ்களைச் சிப் இல்லாமலே அனுப்ப வேண்டி வந்தது. இயந்திரம் அவற்றைச் சந்தேகித்து எச்சரிக்கை காட்டியது. அந்த எச்சரிக்கையை எப்படிக் கடந்து போவது என்று கம்பனியே வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுத்தது! சிப் இல்லாமலும் அச்சு ஓடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த வருடம் எங்களுக்குக் கற்றுத் தந்த பாடம் இதுதான். கடையில் இருப்பது நம்மிடம் இருப்பதாகாது. துறைமுகத்தில் நிற்கும் கொள்கலன் வினாத்தாள் அடிக்காது. அலுமாரியில் இருக்கும் ஒரு போத்தல் மை அடிக்கும்.

*அப்படியென்றால் ஒரிஜினல் ஏன்?*

போத்தல் மை போதும் என்றால், விலை கூடிய ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் எதற்கு? போட்டோவுக்கு. இங்கேதான் உண்மையான விடயம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கிழக்குக் கரையில் கடல் கொண்டுபோனவற்றில் வீட்டு அல்பங்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து கையில் எடுத்ததோடு வெளியேற்றப்பட்ட குடும்பங்களில், உம்மா வாப்பாவின் ஒரு படம் கூட மிஞ்சாதவர்கள் இருக்கிறார்கள். சொந்தக்காரரிடம் ஒரு பிரதி இருந்தால் அதைத் தேடிப் பிடித்து, ஸ்கேன் செய்து, பெரிதாக்கி அடித்துத் தாருங்கள் என்று கேட்பார்கள். அப்படி அடித்துக் கொடுக்கும் படம் மூன்று வருடத்தில் மங்கிப் போனால் அது இரண்டாவது இழப்பு.

மை இரண்டு வகை. ஒன்று சாயம், தண்ணீரில் கரைந்திருப்பது. மற்றது நிறமி, மிக நுண்ணிய துகளாக மிதப்பது. சாய மை பளிச்சென்று இருக்கும், ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை உடைக்கும். பெரிய கம்பனிக்கும் இது நடந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு வந்த எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870 வகைப் பிரிண்டரில் அடித்த படங்கள் சில இடங்களில் குறுகிய காலத்தில் செம்மஞ்சளாக மாறின. ஓசோன் போன்ற வாயுக்கள் சயான் நிறத்தைத் தின்றதுதான் காரணம் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் மையையும் தாளையும் ஒன்றாகச் சோதித்து, இத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லும் வழக்கம் பலப்பட்டது.

ஒரிஜினல் மைக்கு அப்படிச் சோதித்த கணக்கு இருக்கிறது. பெயர் தெரியாத போத்தல் மைக்கு இல்லை. நல்லதாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். வினாத்தாள் ஒரு தவணை இருந்தால் போதும். வாப்பாவின் படம் பேரப்பிள்ளை வரை இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மை வேண்டியதில்லை. அலுமாரியில் இரண்டு வகை இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

*நாங்கள் செய்து வருவது*

வீட்டிலும் கடையிலும் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறோம்.

1. ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் ஒரு செட்டுக்கு மேல் சேர்ப்பதில்லை. பெட்டியில் திகதி இருக்கிறது, மையும் பழசாகும். பொருத்தும் நாள் வரை உறையை உடைப்பதில்லை. வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வைக்கிறோம். முதலில் வாங்கியது முதலில் போகும்.

2. போட்டோவுக்கு ஒரு பிரிண்டர், வினாத்தாளுக்கு இன்னொன்று. ஒரே பிரிண்டரில் மையை மாற்றி மாற்றி ஊற்றுவதில்லை. சாய மையும் நிறமி மையும் கலந்தால் தலை அடைத்துக்கொள்ளும்.

3. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சிரிஞ்ச், அதில் நிறத்தின் பெயர். வெளிர் சயானும் சயானும் போத்தலில் பார்த்தால் ஒன்று போல இருக்கும்.

4. தலை நிலையாக இருக்கும் பிரிண்டரில் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு இடத்தை வெறுமையாக விடக் கூடாது. காற்றுப் போகும், மை காயும். அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையதைக் கழற்ற வேண்டும். தலை கார்ட்ரிட்ஜோடு வருவதென்றால், முழுக்கத் தீரும் முன்பே நிரப்ப வேண்டும். மை இல்லாமல் ஓடினால் சூடேற்றி எரிந்துவிடும்.

5. கிழமைக்கு ஒரு தடவை எல்லா நிறமும் உள்ள சிறு படம் ஒன்றை அடிக்கிறோம், விடுமுறையிலும். அடைப்பு வந்தபின் செய்யும் சுத்தப்படுத்தலுக்கு இதைவிடப் பல மடங்கு மை போகும். தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் சுத்தப்படுத்துவதுமில்லை. சில மணித்தியாலம் விட்டுப் பார்த்தால் அடைப்பு தானாக இளகுவதும் உண்டு.

6. அடித்த போட்டோவை ஒரு நாள் காயவிட்டுத்தான் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட வேண்டும். நேர் வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. படத்தின் பின்னால் பெயரும் வருடமும் எழுதுங்கள். ஸ்கேன் செய்த கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். எந்த மையும் இதற்கு ஈடாகாது.

7. வெறுங் கார்ட்ரிட்ஜை எரிக்க வேண்டாம். கடலிலோ வாய்க்காலிலோ போடவும் வேண்டாம். நிரப்பக்கூடியதை நிரப்புவோர் கையில் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு செயற்பாடும் சொல்கிறோம். ஒரே படத்தை இரண்டு மையிலும் அடியுங்கள். ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டுங்கள். ஒரு பாதியை யன்னலோரத்திலும் மறு பாதியைக் கொப்பிக்குள்ளும் வையுங்கள். மூன்று மாதம் கழித்துச் சேர்த்துப் பாருங்கள். எந்தக் கடைக்காரர் சொன்னதையும் விட, நாங்கள் இங்கே எழுதியதையும் விட, அந்த இரண்டு பாதிகளும் உண்மை சொல்லும்.

ஜப்பானிய நீதிமன்றம் ஒன்று சொன்னது, அமெரிக்க நீதிமன்றம் இன்னொன்று சொன்னது. நாளைக்கு வேறு சிப் வரும், வேறு தடை வரும். நமக்குத் தேவை, எந்த வேலைக்கு எந்த மை என்ற தெளிவும், கப்பல் பிந்தினாலும் ஒரு தவணையை ஓட்டக்கூடிய ஒரு சின்னச் சேமிப்பும்தான்.

வீட்டில் பழைய படங்கள் வைத்திருப்பவர்கள், முக்கியமாக 2004க்கு முந்திய ஊர்ப் படங்கள் வைத்திருப்பவர்கள், பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அன்றே கையில் தந்துவிடுவோம். படத்தில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடிய ஒரு பெரியவரையும் கூட்டி வந்தால் இன்னும் நல்லது. மை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெயர்களை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.